சைக்கிள் மிதித்து அளந்த அமைதி

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரிக்குப் புறப்பட்டேன். பத்து மைல், கண்டி வீதி முழுக்க எதிர்க்காற்று. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி மாதம். போர்த் தடையால் பெற்றோலைப் போத்தலில் விற்ற காலம். கரியரில் கட்டிய பெட்டிக்குள் காது சோதிக்கும் கருவியும் சத்தம் அளக்கும் சிறு மானியும் இருந்தன. சுற்றுப்புறச் சத்தம் பிள்ளைகளின் காதை எப்படிப் பாதிக்கிறது என்ற பல்கலைக்கழக ஆய்வுக்காக மூன்று வாரமாக ஊரூராய் அலைந்துகொண்டிருந்தேன். முழங்கால் இரண்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருந்தன.

நாவற்குழிப் பாலம் தாண்டி ஒரு கடையில் பால் விடாத பிளேன்ரீ குடித்தேன். மூன்று ரூபா, சீனி இல்லை, பனங்கட்டித் துண்டுதான். சத்தம் அளக்கப் போகிறேன் என்றதும், இந்த நாட்டில் அதற்கு மெசினும் வேணுமா என்று கடைக்காரர் சிரிக்காமலே கேட்டார். காசை வைத்துவிட்டு அலுப்போடு சைக்கிளில் ஏறினேன்.

எட்டரைக்குப் பள்ளிக்கூடம். அங்கே ஆசிரியரான அருளப்பு மாஸ்டர் ஒதுக்குப்புறமாக ஓர் அறை தந்தார். விதிப்படி முதலில் அறையின் சத்தத்தை அளந்தேன். மானிக்கு ஒரு சின்னப் பற்றரி போதும். அதையும் வெயிலில் காயவைத்துத்தான் காப்பாற்றி வந்தேன். முள் கீழேயே கிடந்தது. ‘அறை அமைதியானது’ என்று படிவத்தில் எழுதினேன். காதுக் கருவிக்கோ நாலு பற்றரி வேண்டும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே எல்லா வீட்டிலும் றேடியோ கேட்கும் வழிதான்: சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவில் வயரைக் கொழுவி, மாஸ்டர் மிதிக்க நான் சோதிப்பேன்.

பத்து மணிக்கு செலின் வந்தாள். ஏழு வயது, குருநகரிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பம். கூப்பிட்டால் திரும்புகிறாள் இல்லை என்று வகுப்பில் முறைப்பாடு. சோதனையில் தவறினால், விடுதியில் தங்கிப் படிக்கும் செவிப்புலனற்றோர் பள்ளிக்கு அனுப்பும்படி நான் கடிதம் கொடுக்க வேண்டும். மூத்தவனைக் கடலில் பறிகொடுத்த தாய் றெஜினாவுக்கு மிஞ்சியிருந்தவள் இவள் ஒருத்திதான்.

மெல்லிய ஒலிகள் எதற்கும் செலின் கை உயர்த்தவில்லை. நான் பேனையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

“கையெழுத்து வைக்காதேங்கோ சேர். அவளுக்கு வீட்டிலை கேக்குது,” என்றார் றெஜினா.

எல்லாத் தாய்மாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று எரிச்சலோடு சொன்னேன். அவர் அசையவில்லை.

“உந்தச் சைக்கிளை நிப்பாட்டச் சொல்லுங்கோ. உது கத்தேக்கை எனக்கே ஒண்டும் கேக்குதில்லை.”

மாஸ்டர் மிதிப்பதை விட்டார். றெஜினா மகளின் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, அவளுக்குப் பின்னால் அறை மூலைக்குப் போய், மூச்சளவில் பெயரைச் சொன்னார். செலின் திரும்பினாள்.

மாஸ்டரை மறுபடி மிதிக்கச் சொல்லிவிட்டு மானியைப் பார்த்தேன். முள் மளமளவென்று ஏறியது. அறையை அளந்தது சைக்கிள் ஓடாதபோது. பிள்ளையைச் சோதித்தது அது ஓடும்போது. வருடக்கணக்காக டைனமோ இரைச்சலோடேயே செய்தி கேட்டுப் பழகியதில், எனக்கு அது சத்தமாகவே படவில்லை. வெட்கமாக இருந்தது.

பக்கத்துத் தேவாலயத்தில் நீளமான ஒலிபெருக்கி வயர் சும்மா கிடந்தது. அதை வாங்கி வந்து, சைக்கிளைத் தூரத்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் மிதித்தோம். செலினின் இடது காது மட்டும் சற்று மந்தம், சீழ் கட்டியிருந்தது. மருந்தும் வகுப்பில் முன்வாங்கில் இடமும் போதும் என்று எழுதி, பழைய படிவத்தைக் கிழித்தேன். றெஜினா நன்றி சொல்லவில்லை. நான் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல் மகளை இழுத்துக்கொண்டு நடந்தார்.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார்.

“போன கிழமை அளவெட்டியிலும் சைக்கிள் அறைக்குள்ளையோ நிண்டது?”

“ஓம்,” என்றேன்.

அங்கே நாலு கடிதம் கொடுத்திருந்தேன். ஒன்றை வாங்கியவர் நாதஸ்வரக்காரர். எட்டு வயது மகனுக்கு அப்போதுதான் வாத்தியம் பழக்கத் தொடங்கியிருந்தார். மகனுக்குக் காது போதாது என்று சொன்னேன். றெஜினாவைப்போல் அவர் என்னோடு மல்லுக்கட்டவில்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

பகல் ஒரு மணி. வீட்டுக்குப் போய் விழுந்து படுக்கக் காலையிலிருந்து ஏங்கியவன், வயரை இரவலாக வாங்கிக்கொண்டு அளவெட்டிக்கு மிதித்தேன். பதினேழு மைலுக்குக் குறையாது. சுருதி இம்மியளவு பிசகினாலும் கண்டுபிடிக்கும் தன் காதைவிட, அந்த மனிதர் என் பெட்டியை நம்பியிருந்தார்.