நிலாவை எழுதாத பிள்ளை

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்த கதையைக் கேட்டால், என்னைப் படிப்பித்தவர்களே சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு றாத்தல் பாணுக்கு விடியவே கடை வாசலில் வரிசையில் நின்ற பஞ்ச காலம். ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் கரையில் வாடைக்காற்று பலமாக அடித்து, ஒரு கிழமை கடல்தொழிலுக்குப் போகாமல் கிடந்தேன். பக்கத்து வளவுப் பிள்ளை வேலியோரம் இருந்து கட்டுரை பாடமாக்கிக்கொண்டிருந்தாள். கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது. வெள்ளி நிலா, பொன் மணல், இளந்தென்றல்.

"எங்கட கரையில பொன் மணல் எங்கை பிள்ளை கிடக்கு? சேறும் சிப்பியும்தானே. கருவாட்டு மணம் வரேல்லையோ உனக்கு?" என்றேன்.

"வாத்தியார் தந்ததண்ணை. இதைத்தான் எழுதவேணுமாம்."

"அப்ப புள்ளியையும் அவரையே எடுக்கச் சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. இந்த முறையும் தமிழில் புள்ளி குறைந்தால் பள்ளிக்கூடத்தை விட்டுக் கருவாடு போட வரச் சொல்லியிருந்தார் தகப்பன். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. கொப்பியை மூடச் சொல்லி, "நீ கண்டதைச் சொல்லு" என்றேன். சின்ன வயதில் ஒருமுறை தகப்பனோடு வள்ளத்தில் போனதைச் சொன்னாள். அதை எழுதவைத்தேன். நான் கொட்டாவி விட்ட வரியெல்லாம் வெட்டினோம். "பிறகு?" என்று நான் கேட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் எழுதினாள். இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் தகப்பனின் ஈரக் கையும், அவர் கரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததும் என் கண்முன்னால் வந்தன. எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

வாத்தியார் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாசித்தாராம். முடித்ததும் வகுப்பிலேயே கூடின புள்ளியைப் போட்டு, எல்லோருக்கும் கேட்க இன்னொருமுறை வாசித்தாராம்.

காற்று அடங்கின அடுத்த நாள் விடிய, அவள் தகப்பன் வலை போடும் இடத்தில் அவருக்கு முன்னமே நாலு வள்ளம் நின்றது. வலைகள் ஒன்றோடொன்று சிக்கி, அன்று ஒருவருக்கும் மீன் படவில்லை.

எங்கள் கரையில் மீன் படும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். வடக்கில் பட்டதைத் தெற்கில் பட்டது என்பார்கள். அந்தப் பிள்ளையோ, கரையில் நிற்கும் மொட்டைப்பனை வேதக்கோயில் குருசை மறைக்க, வலப்பக்கம் வெளிச்சவீடு தெரியத் தொடங்கும் இடத்தில் அப்பு வலையை இறக்கினார் என்று அச்சொட்டாக எழுதியிருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள். கடலில் சீவிக்கிற நான் மூன்று தரம் வாசித்தும் அதைக் காணவில்லை. என் படிப்பித்தலை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

தகப்பன் வேலிக்கு வந்தார். "உனக்கு வாத்தியார் வேலை கேக்குதோடா? அவள் படிச்சது காணும். நாளையிலயிருந்து மீன் கீறட்டும்."

ஊருக்கே வாய் காட்டுகிற நான் வேலிக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றேன். அவள்தான் முன்னுக்கு வந்தாள்.

"திருப்பி எழுதுறன் அப்பு. ஆனா நிலாவை எழுதமாட்டன். பள்ளிக்கூடத்துக்கும் போவன்."

அன்று பின்னேரம் அவள் எழுதினாள். இந்த முறை நான் ஒரு வரியும் வெட்டச் சொல்லவில்லை. ஈரக் கை அப்படியே இருந்தது. பனையும் குருசும் வெளிச்சவீடும் மட்டும் போய், ஒரு கட்டை தூரம் தள்ளி நிற்கும் இடிந்த சரக்குக் கிட்டங்கியும் ஆலமரமும் வந்தன. மறுநாள் தகப்பன் கடலிலிருந்து திரும்புவதற்கு முன்னமே பள்ளிக்கூடம் போய், "முதல் எழுதினதில பிழை இருக்கு சேர்" என்று எழுந்து நின்று அதை வாசித்துவிட்டாள்.

அதற்கடுத்த நாள் நாலு வள்ளமும் அந்தப் புது இடத்தில் மத்தியானம் வரைக்கும் வெறும் வலையை இழுத்துக்கொண்டிருந்தன. தகப்பன் தன் இடத்தில் தனியே வலை போட்டு, நிறைய மீனோடு வந்தார். என்னைத் திரும்பியும் பார்க்காமல் மகளிடம், "கொப்பி முடிஞ்சாச் சொல்லு, வாங்கித்தாறன்" என்றார்.

பாடமாக்கின நிலாவோடு யார் வந்தாலும் இன்றைக்கும் வெட்டத்தான் சொல்லுவேன், எந்த வாத்தியார் முறைத்தாலும் சரி. ஆனால் கண்டதில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்கவேண்டும் என்பதை நான் அவளிடம்தான் படித்தேன்.

இதை என் வள்ளக் கூட்டாளிக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, இதில எதெதை மாத்திப்போட்டாய்?" என்றான்.