கதவருகே உளுந்தளவு ஓர் அம்மா

அயர்லாந்தில் பெண்கள் எல்லோரும் சிவப்புச் சால்வைதான் போர்த்துவார்கள் என்று ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் நம்பியிருந்தாலாவது மரியாதை மிஞ்சியிருக்கும். ஆபீஸில் ஒரு அயர்லாந்துக்காரப் பெண் வேலைக்குச் சேர்ந்த அன்று, "ஊரிலிருந்து சிவப்புச் சால்வை கொண்டுவரலையா?" என்று கேட்டே விட்டேன். அதன்பின் அவர் நான் நிற்கும் லிஃப்டில் ஏறவே இல்லை.

போன ஞாயிறு, இந்தியக் கடைத்தெரு உள்ள ஐசலினில் தோசை தின்றுவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு ஃப்ளீ மார்க்கெட், பழைய சாமான் சந்தை. பழைய பிக்சர் போஸ்ட்கார்டுகளை நாடு வாரியாக அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். அயர்லாந்து என்று எழுதிய பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. நனைந்து காய்ந்த அட்டை, கொஞ்சம் பூசணம், கொஞ்சம் பசை. நான் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்க, மகள் "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார், அப்பா?" என்றாள். பசிக்கிறதா என்று கேட்டேன். இப்போதுதானே தின்றோம் என்பது மாதிரிப் பார்த்தாள்.

அந்த வாசனை பார்சிப்பனி ஊருக்குப் பக்கத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு தாழ்வான தெருவில் நாங்கள் குடியிருந்த பேஸ்மென்டுடையது. தொண்ணூறுகளின் கடைசி. உலகத்துக் கம்ப்யூட்டர்களெல்லாம் இரண்டாயிரத்தில் நின்றுவிடும் என்று பயந்து என் போன்றவர்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த நேரம். எனக்கு அப்போது இரண்டே பயங்கள்தான். ஒன்று விசா, இன்னொன்றும் விசா. பாஸ்போர்ட், அப்ரூவல் நோட்டீஸ், கல்யாணச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு பிரீஃப்கேஸில் பூட்டி, தினமும் படுக்கப்போகுமுன் திறந்து பார்ப்பேன். என் மனைவி சுமதி ஈரோட்டுக்காரி. "ஏனுங்க, அதென்ன குட்டியா போடப்போகுது?" என்பாள்.

மேலே வீட்டுக்காரர் டாம். ரிட்டயர்டு பஸ் டிரைவர், தனிக்கட்டை. நாங்கள் டாம் அங்கிள் என்போம். சின்ன வயதில் அயர்லாந்தின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்தவர். சுமதியின் ரசம் வாசனை மேலே ஏறினால் அவர் கீழே இறங்குவார், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. பிஸ்கட் இருக்காது. அவருடைய ஊரே அதற்குள் இருந்தது.

எல்லாம் அந்த ஒரே சின்ன ஊரின் போஸ்ட்கார்டுகள். ரசத்தை டம்ளரில் உறிஞ்சிக்கொண்டே ஒவ்வொன்றாக மேஜையில் பரப்புவார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "இது சந்தை நாள். மாடெல்லாம் மெயின் ரோட்லதான் நிக்கும். கொம்பு பட்டு உடைஞ்சிடும்னு கடைக் கண்ணாடிக்கெல்லாம் பலகை அடிச்சிருக்கான் பாரு. இது ஸ்டேஷன். ரயில் நின்னுபோச்சு, தண்டவாளத்தையும் பேர்த்துட்டான். இந்த ஆளு மதுக்கடை வச்சிருந்தான், பக்கத்துலயே சவப்பெட்டியும் செஞ்சான். ஒரு கஸ்டமரையும் விடமாட்டான்."

எல்லா அட்டையிலும் ஒரே நீல வானம். எல்லாப் பெண்கள் மேலும் ஒரே சிவப்புச் சால்வை. இதைப் பார்த்துத்தான் நான் நம்பியது. ஃபோட்டோ கறுப்பு வெள்ளைதானாம். எங்கேயோ தூரத்து அச்சகத்தில், ஊரையே பார்க்காத ஒருவன் வர்ணம் ஏற்றியிருக்கிறான். "அவன்கிட்ட ஒரே ஒரு சிவப்பு டப்பா இருந்திருக்கும்" என்பார் டாம். என் நம்பிக்கை இப்படித்தான் செத்தது, லிஃப்ட் சம்பவத்துக்குக் கொஞ்சம் தாமதமாக.

கடைசியாக எடுப்பது மெயின் ரோடு அட்டை. இடதுபக்கம் ஒரு கதவு, கதவில் உளுந்தளவு ஓர் உருவம். அதன் தலைக்கு மேலே இங்க்கில் டாமின் அப்பா போட்ட சின்ன அம்புக்குறி. கேமராக்காரன் தெருவில் நின்றபோது என்ன கூட்டம் என்று எட்டிப்பார்த்தது டாமுடைய அம்மா. டாமுக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். வேறு படம் எங்கேயும் கிடையாது. "எங்கம்மா சால்வை கறுப்பு. அப்பா சொல்வார்" என்று அந்த உளுந்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். சுமதியும் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும், "உங்க மூக்கு அங்கிள், அப்படியே உங்க மூக்கு" என்பாள். மூக்கெல்லாம் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு புயல் மழை. ஆபீஸை மத்தியானமே மூடிவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது ஜன்னல் வழியாக ஆறு எங்கள் பேஸ்மென்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுமதி வெட் கிரைண்டரைக் கட்டிப்பிடித்து மேலே ஏற்றியிருந்தாள். கோயமுத்தூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. நான் என்ன செய்தேன்? மாடிப்படியில் நின்று கத்தினேன். "மை பேப்பர்ஸ்! மை பேப்பர்ஸ்!" தண்ணீரில் கால் வைக்கத் தைரியமில்லை, வாய்க்கு மட்டும் இருந்தது.

டாம் என்னை ஒரு பார்வை பார்த்தார். இறங்கினார். தொடை வரைக்கும் தண்ணீர். என் பிரீஃப்கேஸைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, காவடி எடுத்த மாதிரி வந்தார். என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி திரும்பினார். முந்தின நாள் ரசத்துக்கு வந்தபோது விட்டுப்போன அவர் டின் அங்கே, வீட்டைச் சூடாக்கும் பர்னேஸுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தது. அதற்குள் சுவரில் பிளக் பாயின்ட் சீறிப் பொறி பறந்தது. வாசலுக்கு வந்துவிட்ட தீயணைப்புக்காரர் அவர் தோளைப் பிடித்து இழுத்து, எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

அன்றிரவு எங்களைத் தங்கவைத்த ஸ்கூல் ஜிம்மில் நான் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து பிரீஃப்கேஸைத் திறந்து பார்த்தேன். மார்க் ஷீட் பத்திரம். பிறகு விசா வக்கீலுக்கு போன் பண்ணினால், "எல்லாத்துக்கும் எங்க ஃபைல்ல காப்பி இருக்கே" என்றார்.

தண்ணீர் வடிந்தபின் டின் கிடைத்தது. உள்ளே காபி நிறத்தில் ஆறு. அட்டைகள் பணியாரம் மாதிரி உப்பி இருந்தன. சுமதிதான் தைரியமாகப் பேசினாள். "வடகம் காயப்போடற மாதிரிதானுங்க அங்கிள். ஒண்ணும் ஆவாது." என் கல்யாண வேட்டியைப் புல்வெளியில் விரித்து, வெயிலில் வர்ணம் வெளுத்துவிடக் கூடாது என்று படப்பக்கத்தைக் கீழே வைத்து அடுக்கினாள். மூலைக்கு மூலை கரண்டி. டாம் நாற்காலி போட்டு வாத்துகளை விரட்டினார். நான் யோசனை சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அட்டைகள் துணியோடு ஒட்டியிருந்தன. அதற்கும் சுமதியிடம் வழி இருந்தது. வடகம் ஒட்டினால் வேட்டியைத் திருப்பிப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். அப்படியே செய்தாள். ஸ்டேஷன் வந்தது. சந்தை வந்தது, மாடுகளோடு. சவப்பெட்டிக்காரர் கம்பீரமாக வந்தார். டாம் கைதட்டினார்.

மெயின் ரோடு அட்டை வந்தபோது வானம் வந்தது, கூரைகள் வந்தன. இடதுபக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்தக் கதவு வேட்டியில் இருந்தது. சுமதி விரலால் தொட்டாள். சிவப்பு லேசாக இழுபட்டது.

"ஐயோ" என்றாள். நான் உளறினேன். போஸ்ட்கார்டு தானே அங்கிள், ஆயிரக்கணக்கில் அடித்திருப்பான், யாரிடமாவது இருக்கும், நான் தேடித் தருகிறேன். டாம் குனிந்து ரொம்ப நேரம் வேட்டியைப் பார்த்தார். "பரவாயில்லை தம்பி. அந்தச் சிவப்பு எங்கம்மாவோடது இல்ல" என்றார்.

அந்தத் தெரு இப்போது இல்லை. அடுத்தடுத்து வெள்ளம் வரவே, வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி இடித்துவிட்டது. புல் முளைத்திருக்கிறது. டாம் அங்கிள் அக்கா வீட்டுக்கு ஃபிலடெல்பியா போனார். ஓரிரு கிறிஸ்துமஸ் கார்டுகள் வந்தன, பிறகு வரவில்லை. ஃப்ளீ மார்க்கெட் பெட்டியில் அந்த ஊரின் பேரில் ஓர் அட்டைகூட இல்லை.

அட்டைகளை உரித்த அன்று சுமதி கத்தரிக்கோல் எடுத்து, கதவு ஒட்டியிருந்த துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். டாம் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு சமையலறையில் மாட்டினார். ஆற்றுத் தண்ணீர் பட்ட துணி. மாதக் கடைசிக்குள் முழுக்கக் கறுப்பாகப் பூசணம் பிடித்தது. அவரே கழற்றி, குப்பை வண்டி வருகிற அன்று காலையில் பையில் போட்டு வாசலில் வைத்தார்.