சித்தியின் மைக்கில் எங்கள் குடும்பம்

சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பிரிட்ஜுக்கு அடியில் மைக்கை நீட்டியிருக்கிறார் சித்தி. தண்ணீர் எடுக்க யாராவது வந்தால் தொலைந்தார்கள். "உஷ்! இப்பத்தான் சுருதி சேர்ந்துச்சு. ரெண்டு நிமிஷம் தாகத்த அடக்கு."

தையல் மெஷின் பழுது பார்ப்பது அவர் வேலை. ஆலையில் இருநூறு மெஷின்கள் ஒன்றாகக் கத்தினாலும், "மூணாவது வரிசையில ஒண்ணு இருமுது" என்று எண்ணெய்க் குப்பியோடு கிளம்பிவிடுவார். அதே காதை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் எங்கள் தலையெழுத்து. அம்மாவுக்குத் தும்மல் மூன்று வரும். நாலாவது வருவதுபோல் வந்து ஏமாற்றும். அந்த ஏமாற்றம்வரை பதிவாகியிருக்கிறது. படியேறும் சித்தப்பாவின் பெருமூச்சு, அத்தை போனில் "சரி, வச்சிடறேன்" என்றபிறகு பேசும் அரைமணி நேரம், எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் வெட்டுப்பட்டுத் தாளமாகத் திரும்பிவரும். ஒருநாள் வேண்டுமென்றே மைக்கில் ஏப்பம் விட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "பிரமாதம்டா! இன்னும் கொஞ்சம் அடிவயித்துலேருந்து விடு" என்றார். குறும்பு செய்பவனுக்கு இதைவிட அவமானம் இல்லை.

சித்தப்பாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அவர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. வீட்டுக்கு மூத்தவரான பெரியப்பாவின் வாயில் இன்னும் 'அந்தப் பொண்ணு'தான். நேரே ஒரு வார்த்தை கிடையாது. தன் இசைக்கு 'எங்கள் குடும்பம்' என்று பெயர் வைத்துவிட்டு, "அப்படிச் சொல்ல நீ யாருன்னு அவரு கேட்டுட்டா என்னடா பண்றது?" என்று ஒரு வாரமாக நகத்தைக் கடித்தார் சித்தி.

போன ஞாயிறு மதியம் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். பிரிட்ஜ் முனகியது. தும்மல் தாளம் போட்டது. என் ஏப்பத்துக்கு அத்தை கைதட்டினார். திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு சாவிக்கொத்து குலுங்கியது. செருப்பை இரண்டு தரம் உதறும் ஓசை. பிறகு ஒரு கனைப்பு. பெரியப்பா வேலைவிட்டு வரும் சத்தம். அவ்வளவுதான்! சித்தப்பா சோபாவிலிருந்து காலை இறக்கினார். அம்மா ஓடாத டிவியை அணைக்க ரிமோட்டைத் தேடினார். நான் போனை மெத்தைக்கு அடியில் செருகினேன். எங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்த பெரியப்பாவோ, "யாரது வாசல்ல?" என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

யாருமில்லை. திரும்பியவர், நாங்கள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தார். "அடப்பாவிங்களா, நான் வந்தா இப்படியா ஆவீங்க!" சிரிக்கத் தொடங்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாயும்வரை நிறுத்தவில்லை.

"இன்னொரு தரம் போடும்மா."

சித்தி அவசரத்தில் இரண்டு தரம் தப்பான பொத்தானை அழுத்தினார். பெரியப்பா இந்தமுறை விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் இருக்கோம். உன்னக் காணமே?"

"நான்தான் மைக்கப் பிடிச்சிட்டிருந்தேனே, மாமா."

பெரியப்பா மேசையிலிருந்த மைக்கை எடுத்தார். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலைகீழாகவே பிடித்து, சித்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.