கைப்பிடியைத் துடைத்தவர்

எங்கள் பூட்டுக்கடையில் எல்லோரும் அவரைப் பூனையண்ணன் என்போம். நடந்து வந்தால் சத்தமே இருக்காது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் நிற்பார். எனக்கு உயிர் போய் உயிர் வரும். இளம் வயதில் பூட்டிய வீடுகளில் புகுந்து திருடியவர். ஜெயிலுக்கும் போய் வந்தாயிற்று. முதலாளி எல்லாம் தெரிந்துதான் வேலை கொடுத்தார்.

ஏன் திருடினீர்கள் என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வறுமை, கெட்ட சகவாசம் என்று ஏதாவது கதை விடுவார் என்று பார்த்தால் இல்லை. பூட்டு விரலுக்கு இணங்குகிற அந்த நொடிக்காகத்தான் போனாராம். உள்ளே நுழைந்ததுமே பாதி ஆசை வடிந்துவிடுமாம். யாருடைய நாற்காலியிலாவது சும்மா உட்கார்ந்திருப்பாராம். அப்படி ஒரு நாற்காலியில் கண்ணயர்ந்துதான் மாட்டிக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. வீட்டுக்காரர்களை ஒரு தடவையாவது நினைத்தீர்களா என்றேன். யாரோ முகம் தெரியாதவர்கள்தானே என்று இருந்துவிட்டாராம்.

அவருக்கென்று இருந்தது ஒரு தங்கை மட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. ஆனால் அந்த வீட்டில் அவரை எந்த அறையிலும் தனியாக விடமாட்டார்கள். தங்கை அடுப்படிக்குப் போனால் மாப்பிள்ளை வந்து எதிரே உட்காருவார். இவரும் கேட்காமலே இரண்டு கைகளையும் மேசைமேல் எடுத்து வைத்துக்கொள்வார். என்றைக்காவது தன்னைத் தனியாக உட்கார விட்டு இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நாளை நம்பித்தான் மனுஷன் இருந்தார்.

ஒருநாள் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து கடைக்குப் போன் செய்து அழுதாள். குப்பை கொட்ட வெளியே வந்திருக்கிறாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டு தானாகப் பூட்டிக்கொண்டது. உள்ளே குழந்தை, எரிகிற அடுப்பு. அவரோடு நானும் ஓடினேன். இரண்டு கம்பிகளை நுழைத்தார். நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. தங்கை பாய்ந்து போய்க் குழந்தையை வாரிக்கொண்டாள்.

"அண்ணா, நீ மட்டும் இல்லேன்னா..." என்று திரும்பினாள்.

அண்ணன் சட்டை நுனியால் கதவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுத்தி, சுற்றிலும், ஒரு ரேகை மிஞ்சாதபடி. தான் துடைப்பதே அவருக்குத் தெரியவில்லை. கை பழைய வேலையைத் தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது. தங்கை சொல்ல வந்ததை முடிக்கவே இல்லை. பாவி மனுஷன், அந்தக் கையைக் கொஞ்சம் சும்மா வைத்திருக்கக் கூடாதா?

அடுத்த சில நாளில் மாப்பிள்ளை கடைக்கு வந்தார். என்னிடம் பேசத்தான் பார்த்தார். நான் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டார்.

"மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களால தொறக்க முடியாத பூட்டு ஒண்ணு வேணும்."

பூனையண்ணன் அலமாரியைப் பார்த்தபடி நின்றார். "அப்படி ஒண்ணு இங்க இல்ல மாப்ள. ஆனா நான் தொறக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியும் மச்சான். அவ தூங்க மாட்டேங்கிறாளே."

இருப்பதிலேயே நல்ல பூட்டை எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்து மாட்டித் தரட்டுமா என்று கேட்டார். வேறு ஆளிடம் சொல்லியாயிற்று என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவர் போனதும், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போவீர்கள்தானே என்று கேட்டேன்.

"போனா சிரிச்சுக்கிட்டுத்தான் சோறு போடுவா. நான் கெளம்புன பிறகு எழுந்து எழுந்து கதவப் பாப்பா. எதுக்கு அவளுக்கு அது?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அங்கே போகவில்லை. அவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.