மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை

ரங்கநாயகி அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு புகார் வடிவில்தான் வந்தது. எங்கள் பூங்காவின் வாட்ஸப் குழுவில் தையற்கடை பேபி இரண்டே காலுக்கு எழுதியிருந்தார்: ‘ரெண்டு மணிக்கு ஆள் இல்லீங்க. அக்கா வரலை.’ நான் நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவன். சந்தர்ப்பம் கிடைக்காதா என்று அலைகிற வாய். ‘அக்காவே ஆப்சென்ட்டா? மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு ஓடவிடுங்கள்’ என்று தட்டி, சிரிக்கிற முகம் இரண்டைச் சேர்த்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ நடராஜ் எழுதினார். அக்கா வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். காலில் ஷூ மாட்டியிருந்ததாம். மடியில் தண்ணீர் பாட்டில், நிரப்பியபடி.

அந்த இரண்டு முகங்களும் இன்னும் குழுவில் சிரித்துக்கொண்டிருக்கின்றன. அழித்தால் அழித்ததற்கு ஒரு வரி அங்கே நிற்கும். அது இன்னும் கேவலம் என்று விட்டுவிட்டேன்.

சிங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் லேஅவுட்டில் இருக்கிறவர்களுக்கு அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காரமடையில் பிறந்தவர். நகரமைப்புப் பிரிவில் வரைபடம் வரைகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக மனை பிரிக்கும்போது பூங்காவுக்கென்று விட வேண்டிய இடத்தை எங்கள் ஊரில் ரிசர்வ் சைட் என்போம். படத்தில் அதற்குப் பச்சை அடிப்பது அவர் கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதற்குத் தெருவில் நாலு கதை உண்டு. அதில் இரண்டு நான் கிளப்பிவிட்டவை. அவருக்கு அது தெரியும்.

நான் குடிவந்த புதிதில் எங்கள் பூங்காவைக் கிண்டல் செய்து ஒரு பத்திரிகையில் எழுதினேன். ஒரு ஊஞ்சல், அதற்கும் ஒரு பக்கச் சங்கிலி நீளம், உட்கார்ந்தால் ஊர்கோலம் போகிற மாதிரி சாய்கிறது என்றெல்லாம். மறுநாள் காலை அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று மனைவியை முன்னால் அனுப்பினேன்.

“ஏனுங்க தம்பி, நீங்க எழுதுனது பூராவும் நெசந்தானுங்க. புதன்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு நீங்க சும்மாதான இருக்கறீங்க?”

விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். கையோடு ஒரு அட்டவணை. காலை ஐந்திலிருந்து இரவு எட்டு வரை, ஏழு நாளும், மணிக்கு ஒரு கட்டம். எல்லாக் கட்டத்திலும் பென்சிலில் பெயர். நடைப்பயிற்சிக்காரர்கள், சிலம்பம் கற்பவர்கள், பதினோரு மணிக்குச் சோற்றுப் போசியோடு வருகிற தையற்கடைப் பெண்கள், பன்னிரண்டுக்குக் கேரம் ஆடுகிற ஆட்டோ ஸ்டாண்டு. மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை, வேப்பமரம்கூட நிழலைச் சுருட்டிக்கொள்கிற நேரத்தில், அவருடைய சொந்தப் பெயர். புதன் நான்கு மணி மட்டும் காலி. அப்படி ஆரம்பித்ததுதான் என் நகைச்சுவை மன்றம். உறுப்பினர்கள் மூன்று பேர். ஒருவருக்குக் காது கேட்காது; அவர்தான் கொஞ்சம் சிரிப்பார். யாரும் சிரிப்பதில்லையே என்று அக்காவிடம் புலம்பினேன். “சிரிக்கறதுக்கு அல்லீங்க தம்பி. இருக்கறதுக்கு” என்றார்.

அவர் வேலை செய்கிற விதத்தை எங்கள் தெருக்காரர்கள் பார்த்திருப்பார்கள். வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். நடைபாதை எங்கே வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. ஜனங்கள் நடந்து புல் செத்துப்போன தடத்தின் மேலேயே கல் பதிக்கச் சொன்னார். ஆறு மணியானால் பெண்கள் ஏன் கிளம்பிவிடுகிறார்கள் என்று பார்த்து, எரியாத மூலை விளக்குக்காக நாலு முறை மனு எழுதினார். ஊஞ்சல் சங்கிலியை அவரே சரி செய்தார். நான் கிண்டல் செய்ய எதுவும் மிச்சமில்லை.

இத்தனை நெருக்கமாக எதற்கு ஆள் போட வேண்டும், கொஞ்ச நேரம் பூங்கா ஓய்வெடுக்கட்டுமே என்று ஒருநாள் கேட்டேன். எழுந்து இரண்டு தெரு தள்ளிக் கூட்டிப்போனார். உயரமான கேட். உள்ளே சரக்கு வண்டிகள். அதுவும் ரிசர்வ் சைட்தான், அவர் பச்சை அடித்த இடம்; இப்போது யாரோ வளைத்துப்போட்டது. அலுவலகத்தில் பழைய படத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பச்சை அடித்தவர் எதிரிலேயே நிற்கிறார், படத்தைத்தான் காணோம்.

“காலியா இருக்கற எடம் காலியா இருக்காதுங்க தம்பி. ஆரோ பாத்துட்டு இருக்கறாங்கன்னு அர்த்தம்” என்றார். அப்புறம் வரிசை சொன்னார். “மொதல்ல ஒரு லோடு மணல் வருமுங்க. ஆருதுன்னு ஆருக்கும் தெரியாது. பொறகு ஒரு நாயக் கொண்டாந்து கட்டுவாங்க. நாய் இருந்தாக் கொழந்தைக வராது. கொழந்தைக வல்லீன்னாப் பொம்பளைக வரமாட்டாங்க. அப்புறம் கேட்டு. கேட்டுப் போட்டுப்போட்டாங்கன்னா நாமதான் வெளிய நின்னு கும்புடோணும்.”

நான் அதையும் நகைச்சுவையாக எழுதலாமா என்று யோசித்தேன். கேட்டுக்குள்ளிருந்து ஒரு நாய் எங்களைப் பார்த்தது. குரைக்கவில்லை. அது குரைத்திருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

இனி நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். ஒரு புதன்கிழமை உடுமலைப்பேட்டையில் காதுகுத்து விருந்து. குழுவில் சொன்னால் திட்டுவார்கள் என்று சொல்லாமல் போய்விட்டேன். என் மூன்று ரசிகர்களும் நான் வராததைக் கண்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஐந்து மணிக்கு வந்தவர்கள் பார்த்தபோது பூங்காவின் தென்மூலையில் ஒரு லோடு மணல் கிடந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்த ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை அக்கா மணலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். என்னைப் பார்த்தார். செங்கல் கொண்டுவரச் சொல்லி மணலைச் சுற்றி வரம்பு கட்டினார். அட்டவணையில் தினமும் ஐந்து மணிக் கட்டத்தில் ‘மணல் விளையாட்டு’ என்று எழுதினார். சாயங்காலம் பொடிசுகள் வாளியும் கரண்டியுமாக வந்து குவிந்தன. மணல்காரர் வந்து கேட்க முடியவில்லை. கேட்டால் தான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று வாரம் கழித்து மணல்காரர் வந்தார். இரண்டரை மணிக்கு. எதிரே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நடராஜ் பார்த்துச் சொன்னது இது. வெள்ளைச் சட்டை, கையில் வெட்டிய இளநீர். அக்காவிடம் நீட்டி, “வெயில்ல எதுக்குங்க அக்கா செரமப்படறீங்க. இந்த வயசுல உங்க ஒடம்ப நீங்கதானுங்க பாத்துக்கோணும்” என்றாராம். எங்கள் ஊரில் மரியாதை குறைவாகப் பேசினால் பயப்பட வேண்டியதில்லை. இவ்வளவு மரியாதை என்றால்தான் கதவைத் தாழ் போட வேண்டும். அக்கா இளநீரைத் தொடவில்லையாம். அட்டவணையை விரித்து, பென்சிலை எடுத்து, “நீங்களும் ஒரு மணி நேரம் வந்து உக்காருங்க. பேரு சொன்னீங்கன்னா எழுதிக்கறேன்” என்றிருக்கிறார். பெயர் என்றதும் வெள்ளைச் சட்டை போய்விட்டது.

அதற்கடுத்த மாதம்தான் அக்கா ஷூ மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தது. டாக்டர் இதயம் என்றார். வயதும் வெயிலும் அப்படி. நான் வேறெதுவும் சொல்லவில்லை. ஆனால் துக்கத்துக்கு வந்த கூட்டத்தில், வாசலில் பந்தல் காலைப் பிடித்தபடி, வெள்ளைச் சட்டை ஒருவர் எல்லோரையும் “சாப்டீங்களாங்க” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நடராஜ் என் கையைக் கிள்ளினார்.

அட்டவணை என்னிடம் வந்தது. இரண்டு மணிக் கட்டத்துக்கு ஆள் கேட்டேன். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பேரன், ஒருவருக்கு நெடுந்தொடர். எல்லாமே நான் வழக்கமாகச் சொல்கிற காரணங்கள் என்பதால் மறுக்க முடியவில்லை. அக்காவின் பெயரை ரப்பரால் அழிக்க மனம் வராமல், அதன் கீழே பொடி எழுத்தில் என் பெயரை எழுதினேன். குடை, விசிறி, மோர் சகிதம் போனேன். கல்யாண வீடு மாறி வந்து உட்கார்ந்தவன் மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். கையில் சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய். எனக்குப் பொமரேனியனைக் கண்டாலே மாடிப்படி நினைவு வரும்.

“ஏனுங்ணா, தெனமும் வாரீங்களாமா?”

“வாரேனுங்க.”

“நாளைக்குமுங்களா?”

“நாளைக்குந்தானுங்க.”

“ஒடம்பப் பாத்துக்கங்ணா” என்று சொல்லி, சங்கிலியை அக்காவின் பெஞ்சுக் காலில் நிதானமாகக் கட்டினார். நான் பென்சிலை எடுத்தேன். பெயர் கேட்டேன்.

“எம்பேரு எதுக்குங்ணா. நாய் பேர எழுதிக்கங்க. டைகரு.” போய்விட்டார்.

மூன்று மணிவரை நானும் அதுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மோரில் பாதியைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தள்ளினேன். குடித்தது. கண்ணை மூடிக்கொண்டு சங்கிலியை அவிழ்த்தேன். ஜனங்களின் கால் போட்ட அந்தத் தடத்தில் அது என்னை மூன்று சுற்று இழுத்துப்போனது. ஐந்து மணிக்கு மணலில் இருந்த பொடிசுகள் வரிசையில் நின்று அதைத் தடவிப் பார்த்தன.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை: ஒரு அட்டவணை, முனை தேய்ந்த பென்சில், வெயிலில் ஒரு மணி நேரம், ஒரு நாய். இரண்டு மணிக் கட்டத்தில் எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் கீழே ‘டைகர், நடை’ என்று எழுதியிருக்கிறேன். மணலுக்கு என்ன செய்வது என்று அக்கா செய்துகாட்டினார். நாய்க்கு நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

நேற்று இரவு பூங்கா வாசலின் இரண்டு பக்கமும் யாரோ குழி தோண்டியிருக்கிறார்கள். ஆழமாக, கேட் தூண் நிற்கிற அளவுக்கு. அதற்கு எந்த மணியை ஒதுக்குவது என்று அக்கா சொல்லிவிட்டுப் போகவில்லை. மூன்று மணிக்காரர் இனி வரமாட்டாராம். இரண்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். மூன்று மணிக்கு ஆள் வேண்டும்.