எதிராளி தலையாட்டும் வரை

எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளிக்குப் போய் ஐந்தாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். ஈப்போவில் நடந்த விவாதப் போட்டியில் கோப்பை வாங்கிய வருடம், பேசினால் தீராதது எதுவுமில்லை என்று நம்பினேன். பொதுத்தேர்தல் வந்ததும் அந்த வருடம்தான்.

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும், அம்மாவின் ஒரே தம்பியான மாமாவும் அடுத்தடுத்த நிரையில் பாலுக்காக மரம் வெட்டினார்கள். இருவருக்கும் ஒரே வயது. மச்சான் என்றும் டா என்றும்தான் பேச்சு. ஆளுங்கட்சிக் கிளைத் தலைவர் குடியுரிமை விண்ணப்பப் பாரம் எழுதிக்கொடுத்ததில் அப்பாவுக்கு நீல அடையாள அட்டை கிடைத்தது. மாமாவின் பாரம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. அவருக்குச் சிவப்பு அட்டைதான். ஓட்டு கிடையாது, வேலை செய்யவே பெர்மிட் வேண்டும். அவர் எதிர்க்கட்சிப் பக்கம் போனார்.

தேர்தல் நேரத்தில் அப்பா வாசலில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், நம்ம லயத்து வீட்டுங்களுக்கு ஒரு தண்ணி பைப்பு போட்டதுக்கா இம்மாம் பெரிய கொடி?" என்றார் மாமா.

"ஓட்டே இல்லாதவன் கட்சி பேசக்கூடாது லா."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தேர்தல் முடிந்து கொடிகள் வெளுத்தும் வரவில்லை.

அக்காவுக்குப் பரிசம் போட நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கத்தில் பரிசத் தட்டைப் பெண்ணின் தாய்மாமன்தான் கைநீட்டி வாங்க வேண்டும். அவர் இல்லாத சபையில் தட்டு வைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். நான் பள்ளிக்குப் போவதற்காக ஆறாம் வகுப்போடு நின்று ரப்பர்க் காட்டுக்கு வேலைக்குப் போனவள் என் அக்கா. "நீதான் படிச்சவ. நீ பேசேன்," என்றாள்.

பேசினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்துவந்து அப்பாவுக்கு எதிரே உட்காரவைத்தேன். விவாதத்தில் எங்கள் ஆசிரியை சொல்லித்தந்த விதி ஒன்று உண்டு: பதில் சொல்வதற்கு முன், எதிராளியின் கருத்தை அவரே தலையாட்டும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். அதை விளக்கினேன். நேரம் காட்ட, ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையொன்றைக் கரண்டியால் தட்டினேன்.

"மாஜிஸ்ட்ரேட் அம்மா சொல்லிட்டாங்க, ஆரம்பி மச்சான்," என்றார் மாமா. அம்மாகூடச் சிரித்தாள்.

அப்பா ஆரம்பித்தார். "என் மச்சான் நெனைக்கிறது என்னன்னா, ஒரு கார்டுக்கும் ஒரு பைப்புக்கும் நான் வெலை போயிட்டேன். எனக்கு கெடச்சா போதும்னு இருந்துட்டேன். அவனுக்காக தலைவர்கிட்ட ஒரு வார்த்த கேக்கல."

இப்படிச் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனாலும் விதிப்படி கேட்டேன்: "சரியா மாமா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். மாமா தரையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அவர் முறை வந்தது. "மச்சான் நெனைக்கிறது, இது என் நாடு இல்ல. சும்மா இருக்க விட்டதே பெருசு."

அப்பா மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கரண்டி என் கையிலேயே இருந்தது. நான் படித்த எதிலும் அதற்கு அடுத்த வரி இல்லை.

பரிசத்தன்று மாமா வந்தார்.

"வாங்க," என்றார் அப்பா.

"வந்தேங்க."

அவர்கள் ஒருவரோடொருவர் 'ங்க' போட்டு மரியாதையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா தட்டை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அக்கா அவர் காலில் விழுந்தாள், திருநீறு பூசினார். அம்மா இலையை விரித்துத் தண்ணீர் தெளிப்பதற்குள் மாமா செருப்பை மாட்டிவிட்டார்.

"கை நனைக்காமப் போறியேடா," என்றாள் அம்மா.

"காம்பார் வரைக்கும் போகணும்கா."

அப்பா வாசல் வரை போய் நின்றார். "பாத்துப் போங்க," என்றார். நான் மாமாவின் பின்னால் கொஞ்சதூரம் ஓடினேன், என்ன சொல்வதென்று தெரியாமலே. அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது அந்த இலையில் அம்மா சோறு போட்டிருந்தாள். அதன் முன்னால் யாரும் உட்காரவில்லை.