நரி யார் முகத்தில் விழித்தது?

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஆம்பூரில் ஷூ கம்பெனி முதலாளி. எப்படி என்று கேட்பவர்களிடம், "என் உழைப்பு, கூடவே ஒரு நரி" என்பேன்.

அணைக்கட்டுப் பக்கம் குடிசையில் இருந்தபோது, முதல் ஆர்டர் கேட்டுக் கிளம்ப வேண்டிய விடியற்காலை. "யோவ், நரி சுத்துது, கோழியைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு என் மனைவி தண்ணீருக்குப் போனாள். தூக்கக் கலக்கத்தில் எழுந்து கதவைத் திறந்தால் எதிரே நரி! அதன் முகத்தில் விழிப்பது அதிர்ஷ்டமாயிற்றே. கையெடுத்துக் கும்பிட்டேன். அது நிதானமாகக் கூடையைத் தள்ளி, அடைகாத்த கோழியைக் கவ்விக்கொண்டு போனது.

"கும்புட்டுக்கினா நின்ன?" குடத்தோடு வந்தவள் நடந்ததைக் கேட்டு அழுதுவிட்டாள்.

மாலை ஆர்டரோடு திரும்பினேன். "பாத்தியா, நரி முகத்தோட ராசி!"

முட்டைகளை வேறொரு கோழிக்கு அடைவைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்:

"அந்த நரி யார் மூஞ்சியில முழிச்சுது தெரியுமா? வரப்புல மொதல்ல என்னைத்தான் பாத்துது. அதுக்கு முழுக் கோழியே கெடைச்சுது."

மறுநாளே கல் வைத்துக் கூண்டு கட்டினேன்.

இன்று அந்த வரப்பெல்லாம் வீடுகள். நரியும் இல்லை, கோழியும் இல்லை. ஆனாலும் காரில் ஏறுமுன் சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பேன். அவள் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா?" என்பாள்.

"ஒண்ணுமில்ல" என்று கிளம்பிவிடுவேன். எதற்கென்று இதுவரை சொன்னதில்லை.